அடி படக்கூடாத கண்

கண்ணை மரக்க வைப்பார்களே ஒழிய ஆளைத் தூங்க வைக்க மாட்டார்கள் என்று சலேத்தம்மாளிடம் முதன்முதலில் சொன்னது தெருக்காரி மதலேன் மயினிதான். பாஸ்குத் திருநாள் கழிந்த திங்கட்கிழமை, காலைப் பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னாள். அவள் மகனுக்குப் போன வருஷமே லேசர் வைத்துக் கண்ணாடியை எடுத்தாயிற்று. அந்த உரிமையில், மீனை அறுத்துக் காட்டுகிறவள் மாதிரி விரலால் காற்றைக் கீறிக் காட்டினாள். "முழிச்சிக்கிட்டுத்தான் கெடக்கணும் மயினி. இமைக்குக் கம்பி போட்டு நெம்பி வச்சிருவானுவ. லேசர் வைக்கையில முடி கருகுத வாடை அடிக்குமாம். முடியா கருகுது? கண்ணுல்லா கருகுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன் மகள் டெல்மாவுக்கும் பண்ணிவிடு, உன் மருமகன் வாயை அடைத்துவிடலாம் என்று சிரிப்போடு சிரிப்பாகச் சேர்த்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய் மீன் கழுவ உட்கார்ந்த சலேத்தம்மாளுக்குப் பாறை மீனின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கமும் கண் இருந்தது.

இப்போது அவள் மதுரையில், ஒரு கண் ஆஸ்பத்திரியின் மாடி நடையில், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் டெல்மா கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்தை நர்சு விட்டுவிட்டுப் போயிருந்தாள். மருந்து பிடிக்கிற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை உள்ளே பார்ப்பார், பார்த்துவிட்டு, இங்கேயே பண்ணிக்கொள்கிறீர்களா இல்லையா என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் சலேத்தம்மாள். பஸ்ஸிலேயே டெல்மா சொல்லிவிட்டாள், "எவன் கையா இருந்தா எனக்கென்னம்மா, நீயே பாத்துச் சொல்லு." கோயில்பட்டியில் வாங்கிய கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் நின்றாற்போல நின்றுவிட்டது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் குத்தியது. எவன் கையா இருந்தா. சலேத்தம்மாள் மடியில் கிடந்த மகளின் கண்ணாடியை முந்தானையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள், பிறகு பயந்து எடுத்தாள், மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டாள். கைக்கு வேறு வேலை வேண்டும். ஜெபமாலையை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை, ஆண்டவருடைய பாடுகளை நினைத்துத் துக்க தேவ இரகசியம் ஐந்தும் சொல்ல வேண்டிய நாள். ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது முதலாவது. உதடு அசைந்தது. மாதாவே, மூன்று டாக்டரைப் பார்த்தாயிற்று, ஒருவரைக் காட்டு, ஒரு கையைக் காட்டு. இரத்தம் வியர்வையாக வருமா? வரும். மகளின் தலையணை உறையில் பார்த்திருக்கிறாள், துவைத்தும் போகாத பழுப்பு வட்டம். அது வியர்வை இல்லை. மணி விரலில் நின்றது, எந்த மணி என்று தெரியவில்லை.

தூத்துக்குடி டாக்டர் நல்லவர். அவரைக் குறை சொல்ல வாய் வராது. மேசையில் குழந்தை இயேசு படம், அதற்கு மினுக்மினுக்கென்று ஒரு சின்ன விளக்கு. நான் வெறும் கருவிதான்மா, செய்கிறது ஆண்டவர் என்று கையைக் குவித்தார். கப்பலில் வேலை பார்க்கிற மகன் கிளாட்வின் போனில் சொல்லிக்கொடுத்திருந்தபடி, இதுவரை எத்தனை கண் செய்திருக்கிறீர்கள் ஐயா என்று கூச்சத்தோடு கேட்டாள். அதெல்லாம் ஆயிரக்கணக்கில் என்றார். ஆயிரக்கணக்கில் என்றதும் ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் நெத்திலியைக் கொட்டின மாதிரி கண்கள் குவிந்தன, மேலே ஐஸை வாரிப் போட்டிருந்தது, ஒன்றும் இமைக்கவில்லை, எல்லாம் இவளையே பார்த்தன. அப்போதுதான் அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். கிளாஸ் தட்டில் கடகடவென்று ஆடி அடங்கியது. கருவிழியை மூடிபோல வெட்டித் திறப்பதற்கு எங்களிடம் பிளேடுதான், பழகின மிஷின், பயமில்லை என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்; இவளுக்குக் கிளாஸ் ஆடிய சத்தத்துக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் டெல்மா, "ஆண்டவர் கை நடுங்காதுன்னு நம்புவோம்" என்றாள். பிள்ளைக்கு இந்த வாய் மட்டும் இன்னும் போகவில்லை. அதற்காகவே அழலாம் போலிருந்தது. திருநெல்வேலியில் டாக்டரை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. உதட்டுச் சாயம் போட்ட ஒரு பிள்ளைதான் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்களிடம் பிளேடே கிடையாது ஆன்ட்டி, எல்லாம் வெளிச்சம்தான், வெளிச்சமே வெட்டிவிடும் என்றாள். வெளிச்சம் வெட்டுமா? சிருஷ்டியில் முதலில் உண்டானது வெளிச்சம். அதுவுமா கத்தி? டாக்டர் போனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்து, டெல்மாவின் கண்ணை அகட்டிப் பார்த்து, பண்ணிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவளிடம் சொன்னதா, போனில் சொன்னதா என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. கை வெள்ளையாக இருந்தது, நடுங்கவில்லை. ஆனால் அது ஒரு முகத்தைத் தொடுகிறோம் என்று அறியாத கை.

அங்கேதான் படம் போட்டுக் காட்டினார்கள். சுவர் பூராவும் ஒரு கண். யாருடைய கண்ணோ. இரண்டு பக்கமும் கம்பி இமையை நெம்பிப் பிடிக்க, அந்தக் கண் ஓடி ஒளிய இடமில்லாமல் உருண்டது, வலைக்குள் மாட்டினது போல, அங்கும் இங்கும், பிறகு மேலே, வெள்ளை மட்டும் தெரிய. ஒரு வட்டம் அதன்மேல் இறங்கி அமுக்கியது. அமுக்கியதும் கண் அடங்கியது. அந்த அடங்கல்தான் சலேத்தம்மாளுக்குத் தாங்கவில்லை. அடித்து ஓய்ந்த பிறகு ஆள் அடங்குகிற அடங்கல் அது. பிறகு சின்னக் கரண்டிபோல ஒன்றை நுழைத்து, நுங்கின் மேல்தோலை நகத்தால் உரிக்கிற மாதிரி ஓரத்தைக் கிளப்பி, மூடியைப் புரட்டிப் போட்டார்கள். உள்ளே கண் நிர்வாணமாகக் கிடந்தது. அதன்மேல் வெளிச்சம் டக் டக் டக்கென்று அடித்தது. டக் டக் டக். இரண்டாவது தேவ இரகசியம், ஆண்டவர் கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. எத்தனை அடி என்று ஒரு சபையார் ஒரு கணக்கு சொல்வார்கள், இன்னொரு சபையார் வேறு சொல்வார்கள். கணக்கு தெரிந்து என்ன ஆகப்போகிறது, அடித்தவன் எண்ணியா அடித்தான். அடிபட்டவனும் எண்ணவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். முதுகில்தான் அடித்தார்கள், அதனால் அடிக்கிறவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. அது ஒரு புண்ணியம். சே, என்ன நினைப்பு இது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். நடையில் எதிர்வரிசையில் கண்ணில் பஞ்சு ஒட்டிய மேலூர்க்காரர் ஒருவர் தன் மகனிடம், ஆட்டுத்தலை வாட்டும்போது இந்தக் கண்ணைத்தான்டா முதலில் தோண்டுவேன், இன்றைக்கு என்னுதையே தோண்டிப்புட்டானுக என்று சொல்லிச் சிரித்தார். கறிக்கடைக்காரராக இருக்க வேண்டும். சிரிப்பு நல்ல சிரிப்பு. அவருக்குப் பயமே இல்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பிள்ளையின் கண்ணாடியை எடுத்து ஒளித்து வைப்பது சலேத்தம்மாள் ஒருத்தி கண்டுபிடித்த சூழ்ச்சி இல்லை. அந்தத் தெருவில் கண்ணாடி போட்ட பெண்பிள்ளைகளைப் பெற்ற எல்லாரும் செய்ததுதான். அரிசிப் பானைக்குள் வைத்தாள். டெல்மா காப்பித் தட்டை ஏந்தி வந்து, மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டாள். அதைப் பிறகு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று வாசித்து முடிக்கும்போது, ஒவ்வொரு ஞாயிறும் இவள் பெஞ்சு பெஞ்சாகத் திரும்பிப் பார்ப்பாள். கூட்டத்தில் யாராவது எழுந்து, சாமி, அந்தப் பிள்ளைக்கு எதிரே மாடு வந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டால்? யாரும் எழவில்லை. நன்றி மாதாவே என்று மெழுகுவத்தி ஏற்றினாள். மாப்பிள்ளை ஜெனிஸ்டனுக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஆபீசில் வேலை, பழக்கவழக்கம் எதுவும் கிடையாது, ஞாயிறு தவறாத பூசை. அவருடைய ஊர்க் கோயிலிலும் ஓலை வாசித்திருப்பார்கள்தானே. தடை ஏதும் இருந்தால் என்று அங்கேயும் சாமியார் கேட்டிருப்பார்தானே. அவரைப் பெற்றவள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை கையை ஓங்கும்போது எப்படி இருப்பான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? தெரிந்தே மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள். இரண்டு கோயிலிலும் இரண்டு மெழுகுவத்தி. ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டீர்கள் குருடியை என்று மாப்பிள்ளை முதல்முறை அடித்தபோது டெல்மா கண்ணாடியைப் போட்டிருந்தாள். கண்ணாடி புருவத்துக்குள் இறங்கிவிட்டது. தையல் போட்ட இடத்தில் இப்போதும் முடி முளைக்காமல் ஒரு கோடு. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று தையல் போட்டவரிடம் சொன்னது யார்? சலேத்தம்மாள்தான். டெல்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை புத்திசாலியாகிவிட்டார். கண்ணாடியக் கழத்தி வை என்பாராம். அவ்வளவுதான், சத்தம்கூடப் போடுவதில்லையாம். டெல்மா அதை இறால் உரித்துக்கொண்டே சொன்னாள், தலையைக் கிள்ளி ஓட்டை இழுத்து, அடுத்ததை எடுத்து, "அவிய இப்ப நல்ல நிதானம்மா. மொதல்ல கழத்தச் சொல்லுதாவ" என்று. இவள் கழற்றி மடித்து டிவி மேலே வைப்பாளாம். வைத்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பாளாம். திரும்பி வந்து. அந்தத் தூரம் எவ்வளவு இருக்கும், டிவியிலிருந்து அவர் நிற்கிற இடம் வரைக்கும்? சலேத்தம்மாள் அந்த வீட்டில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறாள், மேசை விரிப்பைச் சரி செய்திருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று சீலா மீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இனிமேல் அந்த அறையில் நடக்கும்போதெல்லாம் மகள் கண்ணாடி இல்லாமல் கையைத் துழாவிக்கொண்டு நடந்து வந்து அடிக்கு நிற்பதுதான் தெரியும். அன்றைக்கு இவள் என்ன சொன்னாள்? பொறுத்துக்கோ பிள்ள, மாதாவிடம் சொல்லு, எல்லா வீட்டிலயும் உள்ளதுதான் என்றாள். இவளுடைய புருஷன் சவரியானும் அடித்திருக்கிறார். குடித்துவிட்டு வந்தால் வலைக்கயிற்றால் கூட அடித்திருக்கிறார். ஆனால் முகத்தில் அடிக்க மாட்டார். எங்க வீட்டாளு முகத்துல மட்டும் கைவைக்க மாட்டாவ என்று அடிகுழாயடியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சுற்றி நின்றவர்களும், ஆமா, சவரியான் அண்ணன் நல்ல மனுஷன் என்று தலையாட்டினார்கள். செத்து மண்ணுக்குள் போய்விட்டார். அவருக்காக வருஷந்தோறும் பூசை வைக்கிறாள். இப்போது திடீரென்று, இந்த இரும்பு நாற்காலியில், விலாவில் பழைய இடத்தில் வலித்தது. இத்தனை வருஷம் கழித்து எங்கேயிருந்து வருகிறது இந்த வலி, யார் அனுப்பினார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது தேவ இரகசியம், முள்முடி. முள்முடி என்றாலே நெற்றி. நெற்றி என்றால் புருவம். டாக்டரம்மா காலையில் அந்தப் புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இந்த மதுரை டாக்டரம்மா சிரித்த முகம் இல்லை. ஆண்டவர் பேரையும் இழுக்கவில்லை, படமும் காட்டவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்கிற மாதிரி, என்னென்ன ஆகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கண் காய்ந்துபோகலாம், சில பேருக்கு வருஷக்கணக்கில். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். கருவிழி மெல்லிசாக இருந்தால் நான் செய்யவே மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள். கண்ணாடி நம்பர் திரும்ப வரலாம். கடைசியாகச் சொன்னார்: கருவிழியில் வெட்டின மூடி ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய பலம் வராது. நாலு வருஷம் கழித்தும், பலமாக ஒரு அடி பட்டால் நகர்ந்துபோக வாய்ப்புண்டு. அதற்குத்தான் போலீஸ், பட்டாளம், கபடி விளையாடுகிறவர்களுக்கு மூடி வெட்டாத முறையில் செய்வோம், மேல்தோலை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு. சில நாள் வலி உயிர் போகும், பார்வை தெளிய நாளாகும், ஆனால் அடிக்குத் தாங்கும். சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். "உங்களுக்குக் கண்ணில அடி படுற மாதிரி வேலை எதுவும் இருக்கா?" டெல்மா இல்லை என்றாள். என்ன செய்யுறீங்க? வீட்டில்தான் இருக்கிறேன் டாக்டர். அதற்கு டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப சரி. வீட்டுல யாரு வந்து அடிக்கப்போறா." டெல்மாவும் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று சலேத்தம்மாள் பார்த்தாள்: பல் தெரிய, தலையைச் சாய்த்து, நல்ல பிள்ளையாக. பெற்றவள் பக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், அவள் வாயும் சிரிப்புக்குத் தயாராகக் கோணியது. சிரித்தாளா? சிரித்திருப்பாள். அந்த உதடு இன்னும் இவளுடைய முகத்தில்தான் இருக்கிறது. ஜெபம் சொல்லுகிற உதடும் இதுதான்.

சரி, யோசிக்க வேண்டும், மருந்து பிடிப்பதற்குள் யோசித்துவிட வேண்டும். தூத்துக்குடியாருக்குப் பிளேடு, அதில் மூடி தடிமனாக இருக்கும் என்று கிளாட்வின் சொன்னான். திருநெல்வேலிக்காரர் வெளிச்சத்தால் வெட்டினாலும் வெட்டுவது மூடிதான். இந்த டாக்டரம்மாவிடம் மூடி இல்லாத முறை இருக்கிறது. போலீஸ்காரனுக்குச் செய்வது. பட்டாளத்தானுக்குச் செய்வது. அதையே செய்யச் சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்டால்? பிள்ளைக்கு இறகுப்பந்து விளையாட ஆசை என்று சொல்லலாம். வலிக்கும் என்றார்களே, சில நாள் வலிதானே, டெல்மாவுக்கு வலி என்ன புதுசா, தாங்குவாள், கெட்டிக்காரி, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால் ஆறிவிடும். ஆறினதும், அம்மா வீட்டில் வந்து கிடக்கிறவளை மாப்பிள்ளை வீட்டில் கூட்டிப்போய் விட்டுவிடலாம். கண்ணைச் சரி பண்ணிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பழையதைப் பேசவேண்டாம் என்று சமாதானம் பேசப்போன சாமியாரிடம் மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கிறார். அடிக்குத் தாங்குகிற கண்ணாக இருந்தால் அப்புறம் என்ன பயம். சலேத்தம்மாளுக்கு யோசனை அங்கே அறுந்தது. வீட்டுக்குப் பானை வாங்கப் போனவள் விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி, அவன் கைக்கு உடையாத கண்ணாகப் பார்த்து வாங்கித்தர ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறாள். மாதாவே. இரும்பு நாற்காலியின் கைப்பிடி உள்ளங்கையில் அறுத்தது. இவ்வளவு நாளும் டாக்டரையா தேடினாள்? இவளுக்குள் யாரோ கண்ணாடியக் கழத்தி வை என்றார்கள். அந்தக் குரல் அவனுடையதாக இல்லை, பதமாக இருந்தது, மதலேன் மயினியின் குரல், சாமியாரின் குரல், இவளுடைய குரலே. மடித்து டிவி மேலே வை பிள்ள. கண்ணாடிக்குச் சேதம் வரக்கூடாது.

பிறகு இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது, வராமல் இருந்திருக்கலாம். இறால் உரித்த அன்றைக்கு டெல்மா கடைசியாக ஒன்று சொன்னாள், கையைக் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்தில். "கழத்திட்டா ஒரு நல்லதும்மா. மூஞ்சி தெரியாது." அவ்வளவு மங்கலாம் அவளுக்கு. எதிரே நிற்கிறது ஆளா அலமாரியா என்று தெரியாதாம், கை வருவது காற்றில்தான் தெரியுமாம். ஆபரேஷன் முடிந்துவிட்டால்? காலையில் எழுந்ததும் மின்விசிறியின் இறக்கை தனித்தனியாகத் தெரியும், சுவரில் பல்லியின் கண் தெரியும் என்று திருநெல்வேலிப் பிள்ளை ஆசை காட்டினாளே. அவன் முகமும் தெரியும். பல்லைக் கடிப்பது தெரியும். மோதிரத்தில் பொறித்திருக்கிற சிலுவை தெரியும், கிட்டத்தில் வர வர இன்னும் தெளிவாகத் தெரியும். கழற்றி வைக்க ஒன்றும் இருக்காது. அப்போது சலேத்தம்மாளின் உள்ளே, சிலுவை அடையாளம் போட்டு எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற சலேத்தம்மாளின் உள்ளே, ஒரு மேசை விரிந்தது. மேசைமேல் ஜெனிஸ்டன் கிடந்தான். கிடந்தார் என்று நினைக்கப் பார்த்தாள், வரவில்லை, கிடந்தான். அந்தக் கம்பியை இவளே எடுத்தாள். மேல் இமை, கீழ் இமை, நெம்பி மாட்டினாள். கண் உருண்டது, ஓட இடமில்லாமல். பாருடா என்றாள். இத்தனை வருஷமாகப் பாறை மீனும் ஊளி மீனும் அறுத்த கை, நடுங்காத கை, இதைவிட நல்ல கை எந்த ஊர் டாக்டருக்கு இருக்கிறது. பெருவிரலைக் கண்ணின் ஓரத்தில் கொடுத்து, மீனுக்குச் செய்வது போல, ஒரு நெம்பு. பாருடா, நல்லாப் பாரு, மூடி இல்லாமல் பாரு. முடி கருகுகிற வாடை மூக்கில் ஏறியது. அவள் அதை ஆசையோடு இழுத்து மோந்தாள். கேட்டுக்கொண்டிருந்தது மாதாவா, வேறு யாராவதா என்று தெரியவில்லை, ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்; தடுக்கவில்லை. ஜெபமாலைக் கயிறு விரலை இறுக்கி நுனி கறுத்துப்போயிருந்தது. அவிழ்த்தாள். இரத்தம் சுரீரென்று ஓடியது. நாலாவது இரகசியம், ஐந்தாவது இரகசியம், இரண்டையும் சொல்லாமலே மாலையைப் பைக்குள் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முடிக்காமல் போட்டாள்.

பக்கத்தில் டெல்மா அப்படியே சாய்ந்திருந்தாள். மூடிய இமைக்கடியில் கண் மெல்ல அசைந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இப்படித் தூங்கும்போது சின்னதில் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள், அந்த முகம் வரவில்லை. இந்த முகம்தான் இருந்தது, முப்பதை நெருங்குகிற, புருவத்தில் கோடு விழுந்த, களைத்த முகம். இவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? கண்ணாடி போகட்டும் என்று இவளுக்கே ஆசைதான். காலேஜில் படிக்கும்போதே அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், கடலில் கண்ணாடி இல்லாமல் குளிக்க வேண்டும், கரையில் நிற்கிறவள் நீயா வேறு யாராவதா என்று அலைக்குள் இருந்து பார்க்க வேண்டும் என்று. நியாயமான ஆசை. அதற்காகப் பண்ணலாம். அதற்காக மட்டும் பண்ணலாம். டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டால் டெல்மா வேண்டாம்மா, சொல்லாதே என்பாள். சத்தியம் வாங்குவாள். வெளியில் சொன்னால் சாமியார் முகத்தில் எப்படி விழிப்பது, மதலேன் மயினி தெருவெல்லாம் கொட்டி அடிப்பாளே, கிளாட்வின் கப்பலை விட்டு இறங்கி வந்து அவனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போவானே. போவான். எல்லாம் நடக்கும். நடக்கட்டுமா? மூன்று பேரில் இந்த ஒரு அம்மாதான் அடி படுமா என்று கேட்டது. தெரிந்து கேட்கவில்லை, வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் கேட்டது இந்த அம்மாதான். நல்ல கை, கெட்ட கை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கேட்கிற வாய் இருந்தால் போதும். பதில் பொய்யாகப் போனது அந்த அம்மாவின் குற்றம் இல்லை.

நர்சு வந்து டெல்மாவின் இமையை விலக்கிப் பார்த்து, இன்னும் சரியாக விரியவில்லை என்று மறுபடி சொட்டு விட்டாள். கூட வந்தவர்கள் யார், டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள். சலேத்தம்மாள் எழுந்தாள். மடியிலிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். டெல்மா கண்ணை மூடியபடியே கையை நீட்டித் துழாவி, அம்மாவின் சேலையைப் பிடித்து, "சரின்னு சொல்லிட்டு வா, ரொம்பப் பேசாத" என்றாள். கண்ணைத் திறக்காத பிள்ள என்று மட்டும் இவள் சொன்னாள். சேலையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். நடை நீளமாக இருந்தது. பங்குக் கோயில் நடுவழிபோல இரண்டு பக்கமும் பெஞ்சுகள், பெஞ்சு நிறையக் கட்டுப்போட்ட கண்கள். யாரும் இவளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அறைக்குள் டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பச்சையும் நீலமுமாக ஒரு வட்டம். டெல்மாவின் கருவிழி என்றார், கனம் போதுமானதாக இருக்கிறது, எந்த முறையிலும் செய்யலாம், நீங்கள்தான் முடிவு சொல்லணும்னு மகள் சொன்னாங்க, முடிவு பண்ணிட்டீங்களாம்மா என்று கேட்டார். உங்க கையாலதான் செய்யணும் என்றாள் சலேத்தம்மாள். குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. அப்ப நாள் குறித்துக்கொள்ளலாம், உட்காருங்கள் என்றார் டாக்டரம்மா. அவள் உட்காரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக நடையின் கோடியில் டெல்மா தெரிந்தாள்; தலை சுவரில், கை மடியில், இந்தப் பக்கம் திரும்பிய முகத்தில் இமைகள் மூடியிருந்தன. காலையில நீங்க ஒண்ணு கேட்டீங்கம்மா, அதுக்கு எங்க பிள்ளை சொன்னது நெசமில்ல என்று தொடங்கினாள். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து இவள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுதேன்மா. இந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சாத்திக்கிடட்டுமா?"